மஞ்சள் அட்டை மாப்பிள்ளை

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் ஆண்டவன் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் வலியும், அதைவிட முக்கியமாக உன் கோபமும், சற்றுத் தணிந்திருக்க வேண்டும் என்று தினமும் காலையும் மாலையும் பிரார்த்தித்து வருகிறேன். முழங்காலுக்குக் காலையில், கோபத்துக்கு மாலையில். போனில் சொல்லலாமென்றால், நான் வாயைத் திறப்பதற்குள் ‘அந்தப் பேச்சா இருந்தா வெச்சுடறேன்’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் என்னதான் எழுதியிருக்கிறாள் பார்ப்போம் என்று ஒட்டிவைத்துப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபடியேதான் நான் நடந்திருக்கிறேன். ‘என் பொண்ணு வேணும்னா உன் வீட்டுல இருந்துட்டுப் போகட்டும். நம்ம நம்பிக்கைக்கு வெளியில இருக்கிற அந்தப் பையன் உங்க குடியிருப்பு வாசலை மிதிக்கக் கூடாது. மாப்பிள்ளைங்கிற வார்த்தை உன் வாயில வரக் கூடாது’ என்று சொல்லியிருந்தாய். ஆகவே இந்தக் கடிதம் முழுவதும் அந்தப் பையன் என்றே எழுதுவேன். வாசலை மிதித்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து படி. மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும், வீடு முழுக்கத் தேடாதே.

நீ ஒரு தடவைகூட இங்கே வராததால் எங்கள் குடியிருப்பைப் பற்றிச் சொன்னால்தான் உனக்கு மற்றது விளங்கும். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில், ஒரே ஒரு வாசல், உள்ளே எல்லாம் ஒரே அச்சில் வெள்ளை வீடுகள். வந்த புதிதில் உன் அத்தான் அடிக்கடி அடுத்த வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, டீ கேட்டிருக்கிறார். அவங்களும் கொடுத்திருக்காங்க, அவ்வளவு நல்ல ஜனங்க. தெருவுக்கெல்லாம் நல்ல குணங்களா பார்த்துப் பேர் வெச்சிருக்காங்க. நாங்க இருக்கிறது அடக்கத் தெருவுல கடைசி வீடு. சிரிக்காதே, அது குலுக்கல்ல விழுந்தது. பொறுமைத் தெருவுல வண்டி நிறுத்தறதுக்கு எப்பவும் தகராறு, அன்புத் தெருவுல எதிரும் புதிருமா இருக்கிற ரெண்டு வீட்டுக்குப் பேச்சே கிடையாது. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலயும் சுவத்துல ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. பிரார்த்தனை மணி அதுலதான் அடிக்கும், யாராவது வாசலுக்கு வந்தா அதுலதான் சொல்லுவாங்க, குடியிருப்புச் செயலாளரோட அறிவிப்பும் அதுலதான். ‘இன்று தண்ணீர் வராது, பொறுமை பழகுவோம்’னு சொல்லிட்டுப் போயிடுவார். அதை அணைக்கறதுக்குப் பொத்தான் வெக்கலை. இப்படி ஒரு இடத்துல, நம்ம நம்பிக்கைக்காரங்க மட்டும் சேர்ந்து இருக்கணும்னு எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம் இல்லை, எதிர் வீட்டுக் குடிகாரன் இல்லை, எந்த நேரமும் ஆண்டவன் நினைப்பு. பூலோகத்துல ஒரு சொர்க்கம்னு நினைச்சுத்தான் வந்தேன். இப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். சொர்க்கத்துல குழாய் ஒழுகினா யார் வந்து பார்ப்பாங்கங்கிறதை மட்டும் வர்றதுக்கு முன்னாடி நான் யோசிக்கலை.

ஏன்னா இங்கே ஒரு சட்டம். நம்மவங்களுக்கெல்லாம் பச்சை அட்டை. வெளியாளுங்க உள்ளே வரணும்னா வேலைக்குத்தான் வரலாம், அவங்களுக்கு மஞ்சள் அட்டை. கழுத்துல மாட்டிக்கணும். மூணாவது கலர் கிடையாது. பிரார்த்தனை மணி அடிச்சா மஞ்சள் அட்டைக்காரங்க எல்லாரும் கையில இருக்கிற வேலையை அப்படியே போட்டுட்டு, வாசல் பக்கத்துல ஒரு தகர ஷெட்டு இருக்கு, அங்கே போய் நின்னுடணும். பிரார்த்தனை முடிஞ்சப்புறம்தான் திரும்பி வரலாம். பிரார்த்தனை நேரத்துல நம்ம காத்து சுத்தமா இருக்கணுமாம். எனக்கும் ஆரம்பத்துல அது நியாயமாத்தான் பட்டுது. ஆனா பாரு, குழாய்க்காரன் குழாயைக் கழட்டியிருப்பான், மணி அடிச்சிடும், அவன் பாட்டுக்கு ஷெட்டுக்குப் போயிடுவான், இங்கே வீடு பூரா வெள்ளம் ஓடும். நாங்க பிரார்த்தனைக் கூடத்துல கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். திரும்பி வந்தா கட்டிலுக்கடியில செருப்பு மிதக்கும். இதனால எந்தக் குழாய்க்காரனும் ஒரு தடவை வந்தா மறுபடி வர்றதில்லை. குடியிருப்பு முழுக்கச் சொட்டுச் சொட்டுன்னு ஒரே சத்தம். வந்த புதுசுல அதுவும் ஏதோ ஜெபம்னு நினைச்சேன்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் அவளைப் படுத்தே இருக்கணும், நடமாடக் கூடாதுன்னு சொல்லிட்டார்னு உனக்கு எழுதினேன், நீ பதில் போடலை. தாயில்லாத பொண்ணு. வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு, புருஷன் வேலைக்குப் போனா வீட்டுல தனியா, ஒரு டம்ளர் தண்ணிக்குக் கூப்பிட ஆள் இல்லாம படுத்திருந்தா. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். அவளுக்குப் பச்சை அட்டை தயங்காம கொடுத்துட்டாங்க. ஏன்னா கல்யாணத்துக்கப்புறமும் அவ பிரார்த்தனைக்குப் போறதை விடலை. நீ அந்தப் பக்கமே போறதில்லைன்னு கேள்வி. அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். செயலாளர் வந்து ‘வீட்டுக்காரர் எங்கே இருக்கார்?’னு கேட்டார். ‘வெளியில இருக்கார்’னு சொன்னேன். அது சத்தியமான வார்த்தை. அந்த நேரம் அவன் எங்க மதிலுக்கு வெளியில காருக்குள்ளதான் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பையன் ஒரு வாரம் பொறுத்தான். சனிக்கிழமை காலையில வாசல்ல வந்து நின்னுட்டான். எங்க காவல்காரர் ஒருத்தர் இருக்கார், பட்டாளத்துல இருந்தவர், முகத்துல பாதி மீசை. மீசைக்காரர்னுதான் எல்லாரும் கூப்பிடறது. ‘பச்சையா மஞ்சளா?’ன்னு கேட்டிருக்கார். இவன் திருதிருன்னு முழிச்சிருக்கான். பெட்டியில ‘அடக்கத் தெரு கடைசி வீட்டுக்கு ஆள் வந்திருக்கு’ன்னு கேட்டதும் நான் விழுந்தடிச்சு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது மீசைக்காரர் அவன் பையைத் திறந்து பார்த்துட்டிருந்தார். அவன் பல் டாக்டர்னு உனக்குத் தெரியும், நீ பல் பிடுங்கின்னு சொல்லுவே. பையில என்ன இருக்கும்? குறடு, கொக்கி, கம்பி, நீளக் காம்பு போட்ட குட்டிக் கண்ணாடி. மீசைக்காரர் குறடைத் தூக்கிப் பார்த்துட்டு, ‘குழாய் ரிப்பேரா?’ன்னு என்னைக் கேட்டார். தம்பி, நான் பொய் சொல்லலை. தலையைத்தான் ஆட்டினேன். தலையாட்டினது பொய்யில சேருமான்னு உன் அத்தானைக் கேட்டேன். அவர் உடனே கண்ணை மூடிட்டார். உன் அத்தானுக்குப் பொய் வராது, ஆனா உண்மை சொல்லவும் பயம். அதனால யாராவது சிக்கலா ஏதாவது கேட்டா கண்ணை மூடிப் பிரார்த்தனை பண்ண ஆரம்பிச்சிடுவார். பிரார்த்தனை பண்றவரை யார் தொந்தரவு பண்ணுவாங்க? கல்யாணமான நாளா இப்படித்தான் குடும்பம் நடத்தறார்.

ஆக அவன் கழுத்துல மஞ்சள் அட்டையோட உள்ளே வந்தான். உன் மகள் அவனைப் பார்த்தா, அட்டையைப் பார்த்தா, சிரிக்க ஆரம்பிச்சா. ‘சிரிக்காதே, உடம்பு குலுங்குது’ன்னு நான் அதட்டினா, ‘அத்தை, இவருக்கு எங்க வீட்டுல ஷவரைத் திறந்து மூடவே தெரியாது’ன்னு இன்னும் சிரிக்கிறா. அவன் கட்டில் ஓரமா உட்கார்ந்து, அவ கால் வீங்கியிருக்கான்னு பெருவிரலால அமுக்கி அமுக்கிப் பார்த்தான். பேசலை. இந்த வீட்டுல பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே. கதவைச் சாத்திட்டு அடுப்படிக்கு வந்துட்டேன். அதோட முடிஞ்சிருக்கும். ஆனா குழாய்க்காரன் உள்ளே வந்திருக்கான்கிற சேதி அதுக்குள்ள தெருத்தெருவாப் போயிடுச்சு.

முதல்ல மீசைக்காரரே வந்தார், ‘தம்பி, என் அறையில ஒழுகுது.’ அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா. அப்புறம் பொறுமைத் தெருவுல ரிட்டையர்டு பெரிய டீச்சர், பொறுமையில்லாம என் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்குதுன்னாங்க. மாட்டேன்னு சொன்னா மாட்டிக்குவோம். என்ன பண்றது? அவன் போனைத் திறந்து, குழாய் மாட்டறது எப்படின்னு எவனோ சொல்லிக் கொடுக்கிற வீடியோவைப் பார்த்தான், என் சமையலறைக் குழாயைக் கழட்டிப் பழகினான். நல்லாயிருந்த குழாய், தம்பி. அதுலருந்து அது நிக்கவே இல்லை. அப்புறம் போனான். போற வீட்டுல எல்லாம் தொட்டிக்கடியில தலையை விட்டு, அந்தக் குட்டிக் கண்ணாடியை நீட்டி, ‘கொஞ்சம் காட்டுங்க, பயப்படாதீங்க’ன்னு குழாய்கிட்டப் பேசியிருக்கான். பழக்க தோஷம். பெரிய டீச்சர் எங்கிட்ட வந்து ‘இவ்வளவு மரியாதை தெரிஞ்ச குழாய்க்காரனை நான் பார்த்ததே இல்லை, வேலை முடிஞ்சதும் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறான்’னாங்க. பாதிக் குழாய் நின்னுது. மீதிப் பாதி முன்னைவிட ஜோரா ஒழுகுச்சு. ஆனா யாரும் கோவிச்சுக்கலை. அவன் உட்கார்ந்து அவங்க பேசறதை எல்லாம் கேக்கறானே, அது போதும்னு விட்டுட்டாங்க. அடுத்த சனிக்கிழமைக்கும் வரச் சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். உன் மகள் முகத்துல அன்னைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடுச்சு, அதைப் பார்த்தப்புறம் வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?

அன்னைக்குச் சாயங்காலம் மணி அடிச்சுது. அவன் எழுந்து, அட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, ஷெட்டுக்குப் போனான். எங்க பிரார்த்தனைக் கூடம் வாசலை ஒட்டித்தான் இருக்கு, ஜன்னல் வழியாப் பார்த்தா நேரா ஷெட்டு தெரியும். எப்பவும் அங்கே நிக்கிற ஆளுங்கதான் நின்னாங்க. செயலாளர் வீட்டுக்குத் திரைச்சீலை தைக்க இடுப்புல குழந்தையோட வர்ற பொண்ணு, அன்புத் தெருவுக்குப் பல்பு மாட்ட வர்ற வாலிபன், பெரிய டீச்சர் வீட்டுக்குத் தோட்ட வேலைக்கு வர்ற கண்ணாடிக்காரர். அந்தக் கண்ணாடிக்காரர் நகத்துல ஒரு நாளும் மண் இருந்து நான் பார்த்ததில்லை. அவங்க நடுவுல இவன், வெயில் மூஞ்சியில அடிக்க, ஒரு காலை மாத்தி ஒரு காலை வெச்சுக்கிட்டு நிக்கிறான். உள்ளே நாங்க, எல்லாரும் உன் பிள்ளைகள்தானேன்னு பாடிட்டிருக்கோம். தினமும் பாடற பாட்டுத்தான். அன்னைக்கு அந்த அடி வந்தப்ப என் கண்ணு தானா ஜன்னல் பக்கம் போயிடுச்சு. அதை மறைக்கறதுக்காக ஓங்கிப் பாடினேன். முன் வரிசைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க.

இப்ப தலைவர் விஷயம். எங்க குடியிருப்புத் தலைவர் ரொம்பக் கண்டிப்பு, இந்தச் சட்டமெல்லாம் அவர் போட்டதுதான். கொஞ்ச நாளா அவருக்குப் பல் வலி. கன்னம் ஒரு பக்கம் பந்து மாதிரி. வெளியில போய் வைத்தியம் பாருங்கன்னா ஆண்டவன் பார்த்துப்பான்னுட்டார். தலைவரோட பல்லுக்காகக் கூட்டுப் பிரார்த்தனைன்னு பெட்டியில அறிவிச்சாங்க. எல்லாரும் அவர் பல்லை மனசுல நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். ரெண்டாவது சனிக்கிழமை செயலாளர் என் வீட்டுக்கு வந்து, ‘உங்க குழாய்க்காரனைத் தலைவர் வீட்டுக்கு அனுப்புங்க’ன்னார். நானும் கூடவே போனேன், வேலை சுத்தமா நடக்குதான்னு பார்க்கற மாதிரி. அவன் தொட்டிக்கடியில படுத்து என்னத்தையோ திருகினான். திருகினது கையோட வந்துடுச்சு. தண்ணி பீச்சி அடிக்குது. அந்த நேரம் பார்த்து மணி.

நான் ‘போகாதே, கையை வெச்சுப் பொத்திக்கோ’ன்னேன். செயலாளர் ‘மஞ்சள் அட்டை, ஷெட்டுக்கு’ன்னார். அவன் என்னைப் பார்த்தான், தண்ணியைப் பார்த்தான், ஷெட்டுக்குப் போயிட்டான். நாங்க கூடத்துக்குப் போயிட்டோம். அன்னைக்குத் தலைவர் வீங்கின கன்னத்தோட ‘பொறுமை’ங்கிற தலைப்புல பேசினார், ரொம்ப நேரம் பேசினார். உன் அத்தானையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தா அவர் வீட்டுப் பாத்திரமெல்லாம் வரவேற்பறைக்கு வந்து எங்களை வரவேற்குது. தலைவர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். கோபத்துல பேச வாயைத் திறந்தார், வலியில மூட முடியலை.

துடைப்பத்தோட நின்ன அந்தப் பையன் அவர் வாயைப் பார்த்துட்டான். துடைப்பத்தைக் கீழே வெச்சான்.

‘ஐயா, எத்தனை நாளா இப்படி இருக்கு?’

‘நீ தண்ணியைத் தள்ளுப்பா’ன்னார் செயலாளர்.

‘அது கடைவாய்ப் பல்லுங்க. உள்ளே சீழ் கட்டியிருக்கு. இப்படியே விட்டா காய்ச்சல் வந்து படுத்துடுவார்.’

‘குழாய்க்காரனுக்குப் பல்லைப் பத்தி என்ன தெரியும்?’

நான் அவனுக்குக் கண்ணைக் காட்டினேன், காலை மிதிச்சேன், முந்தானையைக் கடிச்சேன். அவன் என்னைப் பார்த்து, ‘மன்னிச்சுக்குங்க அத்தை’ன்னான். அப்புறம் செயலாளர் பக்கம் திரும்பி, ‘குழாய்ன்னா பொய் சொல்லலாம் சார். மிஞ்சிப் போனா வீடு நனையும். பல்லுக்கு அப்படி முடியாது. நான் பல் டாக்டர். இவங்க வீட்டுல படுத்திருக்கிற பொண்ணோட வீட்டுக்காரன். உங்க நம்பிக்கைக்காரன் இல்லை. திட்டறதை அப்புறம் திட்டுங்க, முதல்ல ஐயாவை என் கிளினிக்குக் கூட்டிட்டுப் போகணும்’னான்.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் உன் அத்தானைத் தேடினேன், தண்ணிக்கு நடுவுல நின்னு கண்ணை மூடியிருந்தார். எல்லாரும் தலைவரைப் பார்த்தோம். தலைவர் தரையில ஓடற தண்ணியைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார்.

கிளினிக்குல நானும் கூட இருந்தேன், தம்பி. தலைவர் அந்த நாற்காலியில சாய்ஞ்சிருக்கார், வாய்க்குள்ள பஞ்சு, கருவி, இவன் கை. வாழ்க்கையில முதல் தடவையா அவர் இவ்வளவு நேரம் பேசாம இருந்து பார்த்தேன். இவன் குழாய்கிட்டப் பேசினானே, அதே வார்த்தை, ‘பயப்படாதீங்க, கொஞ்சம் காட்டுங்க.’ ஆனா கை வேற. தொட்டிக்கடியில தடுமாறின கை இல்லை அது. தலைவர் கண்ணுல தண்ணி, வலி போனதுலயா என்னன்னு எனக்குத் தெரியாது. நான் சும்மா இருப்பேனா, ‘உங்க பல்லுக்காக நாங்க எவ்வளவு உருகிப் பிரார்த்தனை பண்ணினோம் தெரியுமா, கேட்டதைக் கேட்டபடி அனுப்பியிருக்கார் பாருங்க, மஞ்சள் அட்டையோட’ன்னேன். அவர் பதில் சொல்ல முடியாத நேரமாப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஆனா செயலாளர் விடலை. சட்டத்தை ஏமாத்தி வெளியாளை உள்ளே விட்ட குடும்பத்தை வெளியேத்தணும்னு கூடத்துல கூட்டம் போட்டுட்டார். நான் ராத்திரியெல்லாம் தூங்கலை. வீடு போனா போகுது, படுத்திருக்கிற பொண்ணை எங்கே தூக்கிட்டுப் போறது? கூட்டத்துல மீசைக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினாங்க. ‘பல் டாக்டரைக் குழாய்க்காரன்னு எப்படி உள்ளே விட்டே?’ன்னு செயலாளர் கேட்டார். மீசைக்காரர் மீசையைத் தடவினார்.

‘எல்லாரும் அப்படித்தானே சார் வர்றாங்க.’

‘யார் எல்லாரும்?’

‘பேர் சொல்லணுமா சார்?’

‘சொல்லு.’

‘உங்க மருமகதான் சார். திரைச்சீலை தைக்கன்னு ஒவ்வொரு வாரமும் வருது. நான் பையைத் திறந்து பார்த்தேன். ஊசியும் இல்லை, நூலும் இல்லை, குழந்தை சட்டைதான் இருந்துச்சு. பேரப் பிள்ளையை உங்ககிட்டக் காட்டத்தான் வருதுன்னு நினைச்சுக்கிட்டேன், கேக்கலை. பெரிய டீச்சர் வீட்டுத் தோட்டக்காரர் அவங்க தங்கச்சி மகளைக் கட்டினவரு. காலேஜ்ல பாடம் எடுக்கறார். அந்த வீட்டுல ஒரு செடிகூடக் கிடையாது. அன்புத் தெருவுல இருக்கிற பல்பைவிட எலெக்ட்ரீஷியன் ஜாஸ்தி சார். நான் பட்டாளத்துல இருந்தவன். வேவு பார்க்க வர்றவனையும் வீட்டு ஆளைப் பார்க்க வர்றவனையும் எனக்குத் தெரியும்.’

எனக்கு அந்த ஷெட்டுதான் கண் முன்னாடி நின்னுது. இத்தனை நாளா அங்கே வெயில்ல நின்னது வேலைக்காரங்கன்னு நினைச்சேன். வேலைக்காரங்களா இருந்தா மட்டும் நிக்க வெக்கலாமான்னு அப்பத்தான் ஒரு நினைப்பு வந்துச்சு, அதையும் உன்கிட்டச் சொல்லிடறேன். செயலாளர் கண்ணை மூடிக்கிட்டார். பெரிய டீச்சர் மூடிக்கிட்டாங்க. திரும்பிப் பார்த்தா கூடம் முழுக்க எல்லாரும் கண்ணை மூடிப் பிரார்த்தனையில இருந்தாங்க. உன் அத்தான் மட்டும் கண்ணைத் திறந்து, ஆச்சரியமா சுத்திச் சுத்திப் பார்த்துட்டிருந்தார்.

தலைவர்தான் கடைசியில எழுந்தார். கன்னம் நல்லா வத்தியிருந்தது. ‘விதி விதிதான், அதை மாத்த முடியாது’ன்னார். எனக்கு உசிரே போச்சு. ‘மணி அடிச்சா மஞ்சள் அட்டைக்காரங்க ஷெட்டுல நிக்கணும். ஆனா கூடம் எந்த இடத்துல முடியணும்னு எந்த விதியிலயும் இல்லை. கூடத்துக் கூரையை நீட்டி ஷெட்டோட சேர்த்துடலாம். நடுச் சுவரை எடுத்துடலாம். பெஞ்சு போட்டுடுங்க, நின்னா கால் வலிக்கும்’னார். யாரும் கை தட்டலை, எல்லாரும் மூக்கைச் சிந்தினாங்க. வாசல்ல மட்டும் பழையபடிதான், மஞ்சள் அட்டை வேணும்னா ஏதாவது ஒரு தொழில் சொல்லியாகணும். அது அடுத்த பல் வலி வரைக்கும் இருக்கட்டும்னு பெரிய டீச்சர் என் காதுல சொன்னாங்க. சுவத்தை இடிக்க அடுத்த வாரம் ஆள் வருது. நிஜமான ஆளா இல்லை யாரோட மருமகனான்னு தெரியலை.

நானும் சும்மா இருக்கலை. எழுந்து நின்னு, ‘ஆண்டவன் சாட்சியா இனிமே வாசல்ல ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், தலையும் ஆட்ட மாட்டேன்’னு எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணிட்டேன். செஞ்ச சத்தியத்தை நான் மீறினதில்லைன்னு உனக்கே தெரியும்.

இவ்வளவுதான் நடந்தது. மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. எழுதிட்டேன் பார், அடிச்சா அசிங்கமா இருக்கும், அப்படியே இருக்கட்டும். உன்னை நான் வான்னு கூப்பிட மாட்டேன். உன் கோபம் உனக்கு, உன் வீடு உனக்கு. உன் மகளும் கேக்கலை. ஒரு தடவைகூட ‘அப்பா ஏதாவது சொன்னாரா’ன்னு கேக்கலை. என்ன ஒண்ணு, பெட்டியில ‘அடக்கத் தெருவுக்கு ஆள் வந்திருக்கு’ன்னு மீசைக்காரர் குரல் வந்தா போதும், தலையணையிலருந்து தலையைத் தூக்கறா. எந்த வீட்டுக்குன்னு கேட்டுட்டு மறுபடி சாய்ஞ்சுக்கறா. எழுந்திருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், தலையைத் தூக்கறது எழுந்திருக்கறதுல சேருமான்னு தெரியலை. இதை நீ வரணும்கிறதுக்காக எழுதலை. சும்மா தகவலுக்குத்தான்.

வேளா வேளைக்குச் சாப்பிடு. முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தடவு. ஆண்டவன் உன்னையும் உன் வீட்டையும், அவர் பக்கம் நீ தலை வெச்சுப் படுக்காட்டியும், தன் கையிலேயே வெச்சுக் காப்பாத்தணும்னு இந்த அக்கா மனசார வாழ்த்தறேன். உன் அத்தானும் விசாரிச்சதாச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன்மேல் என்றும் மாறாத பாசமுள்ள,
அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. பேச்சுவாக்குல மீசைக்காரர்கிட்ட, பொண்ணோட அப்பா வந்தா என்ன அட்டைன்னு விசாரிச்சேன். பச்சை அட்டைக்கு, அந்தந்த ஊர்க் கூடத்துக்கு ஒழுங்காப் போறவராயிருக்கணுமாம். உன் பெண்டாட்டி போனதுலருந்து நீ அந்த வாசல்படி ஏறலை. உன்மேல தப்புச் சொல்லலை, அந்தக் கோபமும் எனக்குத் தெரியும். ஆனா எங்க சட்டப்படி மாப்பிள்ளை எவ்வளவு வெளியாளோ நீயும் அவ்வளவு வெளியாள்தான். அதனால உனக்கும் மஞ்சள் அட்டைதான். பெயிண்டர்னு சொல்லி வெச்சுட்டேன். குழந்தைக்குன்னு ஒதுக்கின அறைக்கு எப்படியும் பெயிண்ட் அடிக்கணும். சத்தியம் பண்ணினியேன்னு கேக்காதே, வாசல்ல பொய் சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன், இதை மீசைக்காரரோட அறையில வெச்சுச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கிட்டார். சனிக்கிழமை காலையில வந்துடு. கையில ஒரு பிரஷ் இருக்கட்டும். எனக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாதேன்னு சொல்லாதே, உன் மாப்பிள்ளைக்குக் குழாய் தெரிஞ்சுதா என்ன. மணி அடிச்சா ஷெட்டுல தன் பக்கத்துல உனக்கு இடம் பிடிச்சு வெக்கறேன்னு மாப்பிள்ளையே சொல்லியிருக்கார். உன் மகள்கிட்ட நீ வர்றதைச் சொல்லலை. சனிக்கிழமை பெயிண்டர் வர்றார்னு மட்டும் சொன்னேன். எங்க வீட்டுக்குப் பெயிண்டர் வர்றார்னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாதா என்ன. பெட்டியில மீசைக்காரர் குரல் வந்ததும் அவ எழுந்து ஓடி வந்துடுவா, அவ ஓடக் கூடாது. அதனால முழங்கால் வலின்னு சாக்குச் சொல்லாம நீ கொஞ்சம் வேகமா நட.